நீரிழிவு: நோயாளியின் பங்கு

(மூன்றாமாண்டு விலங்கியல் மாணவி ஒருவர்)



நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பார்கள் பெரியோர். அந்தச் செல்வத்தைப் பதினைந்தாம் வயதிலேயே இழந்தவள் நான். ஆயினும் இழந்ததை எண்ணி அழுவதற்காக இக்கட்டுரையை எழுதவில்லை. குறைந்த வருவாய் உள்ள குடும்பம் கணக்குப் பார்த்துச் செலவிட்டுக் கௌரவமாக வாழ்வதில்லையா? அதுபோல, குறையுள்ள உடம்பையும் கணக்குப் பார்த்து நடத்தினால் நிறைவாக வாழலாம். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுத முற்படுகிறேன்.

இரண்டாமாண்டில் தமிழ் வகுப்பில் திருக்குறளின் 95-ஆம் அதிகாரமாகிய 'மருந்து' பற்றிப் பாடம் நடந்தது. அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு பகுதியாக வகுக்கிறார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பணி செய்பவர் என்பன அந்நான்கு. மருத்துவரையோ மருந்தையோ முதலில் வைக்காமல் நோயுற்றவரை முதலில் வைத்தது ஏன் என்ற கேள்வி அன்று எனக்குள் எழுந்தது. ஐந்தாண்டுகள் ஊசி போட்டுக்கொண்ட அனுபவமே அதற்கு விடை தந்தது. அவ்விடையை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நோயின் இயல்பு

நாம் உண்ணும் சோறும் களியும் குடலில் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அச்சர்க்கரையை உடலின் செல்கள் ஏற்று எரிபொருளாகப் பயன்படுத்த இன்சுலின் என்னும் சுரப்புநீர் வேண்டும். அதைச் சுரப்பவை கணையத்தில் உள்ள சிறு திட்டுகள். 1869-இல் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மாணவர் அவற்றை நுண்ணோக்கியில் கண்டு எழுதினார். அப்போது அவரும் நம்மைப்போல் மாணவரே என்பது நாம் மகிழத்தக்க செய்தி. 1889-இல் மிங்கோவ்ஸ்கி, மெரிங் என்ற இருவர் ஒரு நாயின் கணையத்தை அகற்றியபோது அதற்கு நீரிழிவு கண்டது. நோயின் இருப்பிடம் கணையமே என்பது அன்று தெளிவாயிற்று.

நீரிழிவில் இரு பெரும் வகைகள் உண்டு. முதல் வகையில், உடலின் பாதுகாப்புப் படையே இன்சுலின் சுரக்கும் செல்களைப் பகையென்று கருதி அழித்துவிடுகிறது. இது பெரும்பாலும் சிறுவயதில் வரும். இன்சுலின் ஊசியன்றி இதற்கு வாழ்வில்லை. எனக்கு வந்தது இதுவே. இரண்டாம் வகையில் இன்சுலின் சுரந்தாலும் உடல் அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. நாளடைவில் சுரப்பும் குறைகிறது. நம் தந்தையர்க்கும் தாத்தா பாட்டிமார்க்கும் பெரும்பாலும் வருவது இது. உணவுக் கட்டுப்பாடு, நடை, மாத்திரை ஆகியவற்றால் இதைப் பல ஆண்டுகள் அடக்கி வைக்கலாம். சிலருக்கு ஊசியும் தேவைப்படும்.

இது யாரோ சிலருக்கு வரும் நோய் என்று எண்ணற்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான பேராய்வின்படி, நம் நாட்டில் நீரிழிவு உள்ளோர் ஏறத்தாழ 10.1 கோடி, அதன் வாசலில் நிற்போர் 13.6 கோடி. வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 மில்லிகிராமுக்குள் இருந்தால் நலம், 126-ம் அதற்கு மேலும் மறுசோதனையிலும் இருந்தால் நீரிழிவு, இடைப்பட்டது வாசல். வாசலில் நிற்போர் திரும்பி வர முடியும். சென்னையில் நடந்து 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், உணவைத் திருத்தி நாள்தோறும் நடந்தவர்களிடையே நீரிழிவு வருவது நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது.

உயிர் தந்த ஊசி

இன்சுலினுக்கு முன் என்னைப் போன்ற பிள்ளைகளின் நிலை என்ன? பட்டினி போட்டுச் சில மாதங்கள் உயிரைப் பிடித்து வைப்பதொன்றே அன்றைய மருத்துவம். கனடாவின் டொரொண்டோ நகரில் 1921-இல் பாண்டிங், பெஸ்ட் என்ற இருவர் மக்லாயிடின் ஆய்வுக்கூடத்தில் நாய்களின் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தனர். காலிப் அதைத் தூய்மையாக்கினார். 1922 ஜனவரி 11-இல் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. மருந்தில் மாசு இருந்தமையால் பலன் சிறிதே. தூய்மையாக்கிய மருந்தை ஜனவரி 23-இல் போட்டபோது சர்க்கரை இறங்கியது, சிறுவன் பிழைத்தான். கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையைத் தலா ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டனர். அவர்களை நான் நினைக்காத நாளில்லை.

மருந்து வந்துவிட்டது, மருத்துவரும் இருந்தார். ஆனால் எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு மருந்து என்பதை அன்றாடம் அறிய நோயாளிக்கு வழி இல்லை. இங்கே ஒரு நோயாளியின் கதையைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்பவர் பன்னிரண்டாம் வயதிலேயே நீரிழிவுக்கு ஆளானவர், தொழிலால் பொறியாளர். இரத்தச் சர்க்கரையை உடனே காட்டும் கருவியொன்று மருத்துவமனைகளுக்காக விற்கப்படுவதை 1969-இல் அறிந்தார். அதை மருத்துவர்களுக்கு மட்டுமே விற்பார்கள். அவர் மனைவி மருத்துவர். அவர் பெயரில் வாங்கினார். தம் விரலைத் தாமே குத்தி, நாளுக்குப் பலமுறை சோதித்து, உணவையும் ஊசியையும் தம் உடம்புக்கேற்பத் திருத்திக்கொண்டார். தாம் கண்டதை எழுதி அனுப்பியபோது மருத்துவ இதழ்கள் ஏற்கவில்லை. ஆகவே நாற்பது வயதைக் கடந்த பின்னர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து தாமே மருத்துவரானார். இன்று வீட்டுக்கு வீடு இருக்கும் குளுக்கோமீட்டர்ப் பழக்கத்துக்கு வழிகாட்டிய முன்னோடிகளில் ஒருவர் அந்த நோயாளி. வள்ளுவர் வகுத்த முதலிடத்துக்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமோ?

நான் எழுதிய பொய்க் கணக்கு

இனி என் கதைக்கு வருகிறேன். பதினோராம் வகுப்பில் எடை குறைந்து, ஓயாத தாகமும் அடிக்கடி சிறுநீரும் கண்டு, ஒருநாள் மூச்சு வாங்கி விழுந்தேன். மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஊசி போடக் கற்றுக்கொடுத்து, நாள்தோறும் சர்க்கரை அளவை எழுதிவர ஒரு குறிப்பேடும் கொடுத்தார்கள்.

முதல் மாதம் ஒழுங்காக எழுதினேன். பிறகு விரல் வலித்தது. ஸ்ட்ரிப் வாங்கக் காசு உறுத்தியது. அதிகமாக வந்த எண்ணைக் காணவும் மனம் கூசியது. மருத்துவரிடம் போவதற்கு முதல் நாள் இரவு விளக்கருகே அமர்ந்து 130, 142, 138 என்று அழகாக நிரப்பிவிடுவேன். மை ஒரே நிறமாக இருந்தால் ஐயம் வரும் என்று இரண்டு பேனா மாற்றி எழுதினேன். ஏமாற்றுவதிலும் எத்தனை முன்யோசனை!

மருத்துவர் குறிப்பேட்டைப் பார்த்தார். இரத்தச் சோதனைத் தாளையும் பார்த்தார். அதில் எச்.பி.ஏ.1.சி. 10.4 என்றிருந்தது. அது என்னவென்று சொல்கிறேன். இரத்தச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. அந்நாள்களில் இரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை ஓடியதோ அதற்கேற்ப அதன் ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டிக்கொள்ளும். ஆகவே அச்சோதனை, கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டிக்கொடுத்துவிடும். அவ்வெண்ணை 28.7-ஆல் பெருக்கி 46.7-ஐக் கழித்தால் சராசரிச் சர்க்கரை கிடைக்கும். என் குறிப்பேட்டின்படி சராசரி 140, அதற்கு 6.5 வந்திருக்க வேண்டும். வந்ததோ 10.4. அதாவது உண்மைச் சராசரி 252!

திட்டப் போகிறார் என்று தலை குனிந்து நின்றேன். அவர் நோட்டை மூடி என் கையிலேயே கொடுத்தார். "ஏம்மா, இந்தக் கணக்கு எனக்குக் காட்டறதுக்கு இல்ல. உனக்குத்தான். மூணு மாசத்துக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் நான் உன்னைப் பார்க்கிறேன். மத்த நாளெல்லாம் உனக்கு நீதானே டாக்டர்?" என்றார்.

அன்று பேருந்தில் ஊர் திரும்பும்போது அழுதேன். ஆனால் அன்றிரவு எழுதிய எண் 287. ஐந்தாண்டுக் குறிப்பேட்டில் எனக்கு மிகவும் பிடித்த எண் அதுவே. நான் எழுதிய முதல் உண்மை அது.

களி உருண்டைக் கணக்கு

எழுதுவது மட்டும் போதாது. எழுதியதைப் படிக்கவும் வேண்டும். நம் மாவட்டத்தில் கேழ்வரகுக் களி அன்றாட உணவு. 2023-இல் நீலகிரியிலும் நம் தருமபுரியிலும் நியாயவிலைக் கடைகளில் அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டமும் தொடங்கப்பெற்றது. கேழ்வரகு நல்ல தானியம் என்பதில் ஐயமில்லை, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு, நார்ச்சத்தும் உண்டு. இதனால், "களி தின்னா சர்க்கரை ஏறாது" என்று நம்மவர் கூறக் கேட்டிருப்பீர்கள். என் அம்மாவும் அப்படியே நம்பி இரண்டு உருண்டை வைப்பார்.

சோதித்துப் பார்த்தேன். இரவில் இரண்டு உருண்டை உண்ணுமுன் 124. இரண்டு மணி நேரம் கழித்து 241. மறுநாள் அதே அளவு ஊசி. ஆனால் ஓர் உருண்டை மட்டும். முதலில் ஒரு கிண்ணம் கீரையும் கொள்ளுக் கடைசலும் உண்டுவிட்டுப் பிறகு களி. உண்ணுமுன் 121, பின்னர் 172. ஒருமுறை கண்டதை உண்மையென்று கொள்ளலாகாது என்பது நம் ஆய்வுக்கூடப் பாடம். எனவே ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றி மாற்றி நான்கு இரவுகள் பார்த்தேன். எண்கள் சற்று மாறினாலும் தீர்ப்பு மாறவில்லை.

காரணம் எளிது. 100 கிராம் கேழ்வரகிலும் ஏறத்தாழ 70 கிராம் மாவுச்சத்தே. அரிசியில் அதைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். மாவாக அரைத்துக் கிளறியது விரைவில் செரித்துவிடும். கீரையும் பயறும் முன்னே சென்றால் அவ்வேகம் மட்டுப்படும். ஆகவே 'எது' என்பதோடு 'எவ்வளவு' என்பதையும் கேட்க வேண்டும். இவ்வெண்கள் என் உடம்பின் கணக்கு. உங்கள் தந்தையின் கணக்கு வேறாக இருக்கலாம். அவரவர் அளந்து பார்ப்பதே வழி. பொதுவாக வெறும் வயிற்றில் 80 முதல் 130 வரையும், உணவுக்கு இரண்டு மணி கழித்து 180-க்குள்ளும் இருப்பது பலருக்கும் நல்ல இலக்கு; முதியோருக்கு மருத்துவர் சற்றுத் தளர்த்திச் சொல்வார்.

மருந்தையும் அறிந்திருக்க வேண்டும். இன்சுலின் குப்பியில் 1 மில்லிக்கு 40 அலகு, 100 அலகு என இரு வகை உண்டு. 40 அலகுக்கான ஊசிக்குழலுக்குச் சிவப்பு மூடி. 100 அலகுக்கு ஆரஞ்சு மூடி. மாற்றிப் பயன்படுத்தினால் அளவு இரண்டரை மடங்கு கூடவோ குறையவோ செய்யும், உயிருக்கே கேடு. ஒரே இடத்தில் ஊசி போட்டால் தோலடியில் கட்டி விழும். இடம் மாற்றிப் போட வேண்டும். திறக்காத குப்பி குளிர்பெட்டியில் இருக்கலாம், உறையவிடலாகாது. எங்கள் ஊரில் கோடையில் மின்சாரம் நின்றால், பெரிய மண்பானையில் ஈரமணல் இட்டு அதனுள் சிறுபானை வைத்து, அதற்குள் குப்பியை மூடிவைப்பேன். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்லும் என்பது நாம் பள்ளியில் படித்த பாடமே. காய்ச்சல் வந்தாலும், சாப்பிட முடியாவிட்டாலும், முதல் வகையினர் ஊசியை அறவே நிறுத்தலாகாது. அளவை மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

தாத்தாவின் தகரடப்பா

2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி என்னும் சிற்றூரில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தார். 2004 வரை அப்பகுதி நம் தருமபுரி மாவட்டத்தில் இருந்தது என்பதை நினைக்கும்போது நமக்கும் அதில் உரிமை உண்டு எனத் தோன்றுகிறது. இத்திட்டத்தின்கீழ்ப் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரைகளையும் தருகிறார்கள். 2024-இல் ஐக்கிய நாடுகள் அவையின் பணிக்குழு இதற்கு விருதளித்தது.

என் தாத்தாவுக்கும் மாத்திரை தவறாமல் வந்தது. ஆனால் அவர் காலில் புண் வந்து ஆறாமல், இடக்கால் சுண்டுவிரலை எடுத்த பிறகுதான் அவருடைய வெற்றிலைப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்த தகரடப்பாவைத் திறந்து பார்த்தோம். பிரிக்காத மாத்திரை அட்டைகள் அடுக்கடுக்காக இருந்தன. "உடம்பு நல்லாத்தானே இருக்குது கண்ணு, எதுக்கு வீணா முழுங்கறதுன்னு விட்டுட்டேன்" என்றார். மருந்து வாசல்வரை வந்தது, வாய்க்குள் போகவில்லை. வாசலிலிருந்து வாய்வரை உள்ள அந்த நான்கடி தூரம் எந்த அரசாலும் கடக்க முடியாத தூரம். நோயாளி மட்டுமே கடக்க வேண்டிய தூரம்.

அவரைக் குறைகூறி என்ன பயன்? சர்க்கரை நோய் வலிக்காது. அதுதான் அதன் வஞ்சகம். நாளடைவில் பாத நரம்பு உணர்விழக்கிறது; வெறுங்காலோடு வயலில் நடந்தால் முள் தைத்ததும் தெரிவதில்லை. ஆகவே தினமும் இரவில் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்க்க வேண்டும்; குனிய முடியாதவர் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம், அல்லது பேரப்பிள்ளைகள் பார்க்கலாம். ஆண்டுக்கொருமுறை கண்ணின் விழித்திரை, சிறுநீரில் புரதம், பாத உணர்வு ஆகிய மூன்றையும் சோதிக்கக் கேட்டுப் பெற வேண்டும். 'கேட்டுப் பெற' என்பதை அழுத்திச் சொல்கிறேன். மருத்துவரிடம் போகுமுன் மூன்று கேள்விகளைத் தாளில் எழுதிச் செல்லுங்கள். கூட்டத்தில் நம் முறை வரும்போது நாக்கு மறந்தாலும் தாள் மறக்காது. இப்போது தாத்தாவின் பாதத்தை இரவுதோறும் விளக்கு வைத்துப் பார்ப்பது நான்; என் குறிப்பேட்டைத் தமக்குப் படித்துக் காட்டச் சொல்பவர் அவர்.

அருகிருப்பவர் கடமை

கடைசியாக, நான் ஐந்தாண்டு மறைத்ததைச் சொல்ல வேண்டும். "பொம்பளப் புள்ள, வெளிய தெரிஞ்சா நாளைக்கு யார் கட்டுவாங்க?" என்ற அம்மாவின் அச்சத்தால், கல்லூரியில் எவரிடமும் சொல்லவில்லை. மதிய உணவுக்கு முன் ஊசி போடக் கழிவறைக்குப் போய்விடுவேன்.

சென்ற ஆண்டு வத்தல்மலை அடிவாரத்தில் நாட்டு நலப்பணித் திட்ட முகாம். காலையில் ஊசி போட்டுக்கொண்டேன், சிற்றுண்டி தாமதமாயிற்று, எல்லாருடனும் மண்வெட்டி பிடித்தேன். சற்று நேரத்தில் வியர்த்தது, கை நடுங்கியது, பேச்சுக் குழறியது. வெயில் மயக்கம் என்று தோழியர் நிழலில் கிடத்தி முகத்தில் நீர் தெளித்தனர். அவர்களுக்கு எப்படித் தெரியும்? தன் தந்தைக்கு நீரிழிவு உள்ள ஒருத்தி மட்டும் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "வெயில் இல்லடி, இது வேற" என்று சமையற்கூடத்துக்கு ஓடிச் சர்க்கரை கரைத்து வந்தாள். விழுங்கும் நினைவு எனக்கு இருந்தது, பிழைத்தேன். இன்னும் சற்று நேரம் கடந்திருந்தால் விழுங்க முடியாது. நோய் இன்னதென்று சொல்லவும் முடியாது. மறைத்த நோய்க்கு மருந்து சொல்வார் எவர்?

ஆகவே நண்பர்களே, இதை மனத்தில் கொள்ளுங்கள். இன்சுலினோ சிலவகை மாத்திரையோ எடுப்பவரின் சர்க்கரை 70-க்குக் கீழ் இறங்கினால் நடுக்கம், வியர்வை, கடும்பசி, குழப்பம், காரணமற்ற கோபம் தோன்றும். நினைவு இருந்தால் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்துச் சோதியுங்கள். ஏறாவிட்டால் மீண்டும் கொடுங்கள். தெளிந்தபின் உணவு தாருங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.

முகாமிலிருந்து வந்தபின் அம்மாவிடம் சொன்னேன்: "என்னை யார் கட்டுவாங்கங்கறது அப்புறம்மா. நான் விழுந்தா யார் தூக்குவாங்கங்கறது முதல்ல." அம்மா நெடுநேரம் பேசவில்லை. மறுநாள் என் பையில் ஒரு சிறு டப்பாவில் சர்க்கரை கட்டி வைத்திருந்தார்.

இதுநாள்வரை என் வகுப்பில் மூவருக்கு மட்டுமே இது தெரியும். இம்மலர் உங்கள் கைக்கு வரும் நாளில் அனைவருக்கும் தெரிந்துவிடும். தெரியட்டும். வள்ளுவர் சொன்ன நான்கில் முதலிடத்தில் நான் நிற்கிறேன். நான்காம் இடத்தில் நீங்கள் நில்லுங்கள். மருத்துவமும் மருந்தும் நமக்கு நடுவே தம் கடமையைச் செய்யும். என் கடைசிச் சோதனையில் எச்.பி.ஏ.1.சி. 7.3. என் இலக்கு 7. இன்னும் சிறிது தூரம் உண்டு; நடப்பேன்.

இன்று வீடு திரும்பியதும் உங்கள் வீட்டுத் தகரடப்பாவைத் திறந்து பாருங்கள்.